வேலூர் தூரம்: திருச்சி வட்டாரத்தில் எலும்பு மஜ்ஜை நோயும் மருத்துவமும்

எலும்பு மஜ்ஜை செயலிழக்கும் நோய்களில் முதலில் சொல்லப்படுவது ஏப்ளாஸ்டிக் அனீமியா. மேலை நாடுகளில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு வரும் இந்நோய், ஆசிய நாடுகளில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு காணப்படுகிறது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 27 லட்சம். ஆசியக் கணக்கை இங்கே பொருத்திப் பார்த்தால், இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆண்டுதோறும் பத்து முதல் பதினாறு பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாகக்கூடும். பெரிய வைத்தியம் என்றால் திருச்சிக்கு பஸ் ஏறும் புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், கரூர் மக்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். இதன் உறவு நோய்களும் உண்டு: பி.என்.எச்., ஃபான்கோனி அனீமியா, எம்.டி.எஸ்., மைலோஃபைப்ரோசிஸ். தனித்தனியாக ஒவ்வொன்றும் அரிதுதான். கூட்டிப் பார்த்தால் ஒதுக்கிவிட முடியாத எண்ணிக்கை.

இவர்களுக்கு இன்று என்ன மருத்துவம் இருக்கிறது, அது திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ வாழும் ஒருவருக்கு எப்படி எட்டுகிறது, எங்கே அறுந்துபோகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மஜ்ஜை மாற்று சிகிச்சை வேலூரிலும் சென்னையிலும் இருப்பது பெரிய குறையில்லை. அவ்வளவு நுட்பமான சிகிச்சையை எல்லா ஊரிலும் வைக்க முடியாது. அங்கே போய்ச் சேரும்வரையிலும் அங்கிருந்து திரும்பிய பிறகும் நோயாளியை உயிரோடு காக்க வேண்டிய உள்ளூர் மருத்துவம் ஒழுங்குபடாமல் இருப்பதுதான் குறை.

மஜ்ஜைக்குள் நடப்பது

சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் மஜ்ஜையில் உள்ள குருத்தணுக்களிலிருந்து பிறக்கின்றன. ஏப்ளாஸ்டிக் அனீமியாவில் அந்தக் குருத்தணுக்கள் அழிந்து, அவை இருந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிடுகிறது. 1888-இல் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிஹ், இளம் கர்ப்பிணி ஒருவரின் மரணத்தை ஆராய்ந்து இந்நோயை முதலில் விவரித்தார். பெரும்பாலான நோயாளிகளில் உடலின் சொந்த எதிர்ப்பு அணுக்களே மஜ்ஜையைத் தாக்குகின்றன என்பது மிகப் பின்னால்தான் தெளிவானது. சிவப்பணு குறைவதால் மூச்சு வாங்கும், களைப்பு வரும். வெள்ளையணு குறைவதால் தொற்று பிடிக்கும். தட்டணு குறைவதால் ஈறு, மூக்கு, தோல், சில நேரம் மூளைக்குள்ளும் ரத்தம் கசியும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு 500-க்கும் தட்டணு 20,000-க்கும் கீழே இறங்கி, மஜ்ஜையும் கால்வாசிக்குமேல் நிரம்பாமல் இருந்தால் அது கடுமையான வகை. நியூட்ரோஃபில் 200-க்கும் கீழே போனால் மிகக் கடுமையான வகை.

பி.என்.எச். இதற்கு நெருங்கிய உறவு. குருத்தணுவில் பிக்-ஏ என்ற மரபணு பழுதாகி, அதிலிருந்து பிறக்கும் சிவப்பணுக்கள் பாதுகாப்புக் கவசத்தை இழந்து ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைகின்றன. காலையில் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது பலருக்கு முதல் அறிகுறி. வயிற்றிலும் மூளையிலும் ரத்தம் உறைவது அதன் பெரிய ஆபத்து. ஃபான்கோனி அனீமியா பிறவி நோய். சுவிஸ் குழந்தை மருத்துவர் கீடோ ஃபான்கோனி 1927-இல் மூன்று சகோதரர்களிடம் கண்டு எழுதியது. கட்டைவிரல் குறைபாடு, குட்டை உருவம், தோலில் கருந்திட்டு என்று வெளியே அடையாளம் காட்டுவதுண்டு. எதுவும் காட்டாமல் இருப்பதும் உண்டு. எம்.டி.எஸ். (மஜ்ஜை பழுதான அணுக்களை உண்டாக்கும் நோய்), மைலோஃபைப்ரோசிஸ் இரண்டும் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருபவை. மைலோஃபைப்ரோசிஸில் மஜ்ஜை நார்நாராகிப்போக, மண்ணீரல் வயிறு முழுக்க வீங்குகிறது. அதன் பின்னால் பல நோயாளிகளில் ஜாக்-2 என்ற மரபணு மாற்றம் இருப்பது 2005-இல்தான் தெரியவந்தது.

கண்டறிதல்: டெங்கு, சத்துக்குறைவு, கடைசியில் மஜ்ஜை

தமிழ்நாட்டில் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் தட்டணு குறைந்திருந்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது டெங்கு. 2012, 2017 ஆண்டுகளின் டெங்குப் பரவலுக்குப் பிறகு நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் தெரியாத வீடு இல்லை. டெங்குவில் இறங்கிய தட்டணு, காய்ச்சல் விட்ட சில நாட்களில் தானே ஏறிவிடும். இரண்டு வாரமாகியும் ஏறவில்லை, கூடவே ஹீமோகுளோபினும் வெள்ளையணுவும் இறங்குகின்றன என்றால் அது டெங்கு இல்லை. ஆனால் வீடுகளில் இலைச் சாறு தொடர்கிறது. ஏறும் ஏறும் என்று காத்திருப்பதில் வாரங்கள் ஓடிவிடுகின்றன.

பெண்களுக்கு வேறொரு தாமதம். ஹீமோகுளோபின் ஆறு, ஏழு என்று வந்தாலும் ‘ரத்தம் கம்மி’ என்று சொல்லி இரும்புச் சத்து மாத்திரையும் பேரீச்சம்பழமும் கொடுத்து அனுப்புவது வழக்கம். அந்தப் பெண்ணின் மற்ற இரண்டு அணுக்களின் எண்ணிக்கை அதே சீட்டில் அச்சாகியிருந்தும் படிக்கப்படாமல் போகிறது.

மூன்று அணுக்களும் ஒருசேரக் குறைந்திருந்தால் உடனே மஜ்ஜை நோய் என்று பயந்துவிடவும் கூடாது. இந்தியாவில் அதற்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று பி-12 வைட்டமின் குறைவு. தலைமுறை தலைமுறையாகச் சைவ உணவு உண்ணும் குடும்பங்கள் நிறைந்த ஸ்ரீரங்கத்து வீதிகளில் இதை முதலில் பார்க்கத்தான் வேண்டும். பி-12 ஊசிக்குப் பெரிய செலவில்லை. குறைபாடுதான் காரணம் என்றால் ஒரு வாரத்துக்குள் இளம் சிவப்பணுக்கள் ஏறத் தொடங்கிவிடும். ஏறவில்லை என்றால் அடுத்தது மஜ்ஜைப் பரிசோதனை.

‘முதுகுத்தண்டில் ஊசி போடுவார்கள், கால் விளங்காமல் போகும்’ என்ற பயம் இந்தப் பரிசோதனையைப் பல வீடுகளில் தள்ளிப்போட வைக்கிறது. ஊசி தண்டுவடத்தின் பக்கமே போவதில்லை. இடுப்பெலும்பின் பின்மேட்டில், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சிறிது மஜ்ஜை நீரும் குச்சி போன்ற ஒரு எலும்புத் துணுக்கும் எடுப்பார்கள். திருச்சியிலேயே இதைச் செய்ய முடியும். பி.என்.எச். இருக்கிறதா என்று பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, ஃபான்கோனிக்கான குரோமோசோம் முறிவுச் சோதனை, மரபணுச் சோதனை ஆகியவற்றுக்கு ரத்த மாதிரியைப் பெரிய மையங்களுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். இளம் நோயாளிகளிடம் ஃபான்கோனி சோதனையை விட்டுவிடவே கூடாது. அந்நோயாளிகளின் உடல் வழக்கமான அளவு கீமோ மருந்தைத் தாங்காது. மாற்று சிகிச்சைக்கான மருந்தளவே முற்றிலும் வேறு.

காரணத்தைத் தேடுவது

‘எதனால் வந்தது’ என்பது எல்லாக் குடும்பங்களும் கேட்கும் கேள்வி. பெரும்பாலானோரிடம் காரணம் பிடிபடுவதில்லை. பென்சீன் என்ற கரைப்பான், குளோராம்ஃபெனிகால் போன்ற சில மருந்துகள், சிலருக்கு மஞ்சள் காமாலைக்குப் பின் வரும் தாக்குதல் ஆகியவை அறியப்பட்ட காரணங்கள். தாய்லாந்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. கிராமப்புறத்தில் பூச்சிமருந்துகளுக்கும், சுத்திகரிக்காத நீருக்கும், வாத்து வளர்ப்புக்கும் இந்நோயோடு தொடர்பு தெரிவதாக அது சொன்னது. காவிரிப் பாசனப் பகுதியின் வாழ்க்கையும் ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான். அதற்காகத் தாய்லாந்து முடிவை அப்படியே இங்கே ஒட்டிவிட முடியாது; இங்குள்ள நோயாளிகளின் தொழில், ஊர், குடிநீர் பற்றிய பதிவேடு ஒன்று இருந்தால் மட்டுமே ஏதாவது சொல்ல முடியும். காரணம் தெரியாத இடத்தைக் குற்ற உணர்ச்சி நிரப்பிவிடுகிறது. ‘கர்ப்பத்தில் இதைச் சாப்பிட்டேன்’ என்று தாயும், ‘அந்த வேலைக்கு அனுப்பியிருக்கக் கூடாது’ என்று தந்தையும் தங்களையே நொந்துகொள்கிறார்கள். எதுவும் அவர்கள் செய்ததால் வந்ததில்லை என்று வாய்விட்டுச் சொல்வது மருத்துவரின் கடமைகளில் சேர வேண்டும்.

இரண்டு வழிகள்

கடுமையான ஏப்ளாஸ்டிக் அனீமியாவுக்கு வழிகள் இரண்டு. ஒன்று, பொருந்தும் ஒருவரின் மஜ்ஜையை மாற்றுவது. இளம் வயதினருக்குப் பொருத்தமான உடன்பிறப்பு இருந்தால் இதுவே முதல் தேர்வு. நல்ல மையங்களில் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். மஜ்ஜை மாற்று சிகிச்சையை உருவாக்கிய அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1990-இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் முதல் மாற்று சிகிச்சை 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. 1986-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தொடங்கியது.

இரண்டாவது வழி, மஜ்ஜையைத் தாக்கும் எதிர்ப்பு அணுக்களை அடக்குவது. ஏ.டி.ஜி. என்ற மருந்தை நரம்பு வழியாக நான்கைந்து நாட்கள் ஏற்றி, பிறகு சைக்ளோஸ்போரின் மாத்திரையை மாதக்கணக்கில் கொடுப்பார்கள். குதிரையின் ரத்தத்திலிருந்தும் முயலின் ரத்தத்திலிருந்தும் ஏ.டி.ஜி. தயாராகிறது. எது மேல் என்ற கேள்விக்கு அமெரிக்காவில் நடந்த ஒப்பாய்வு 2011-இல் விடை சொன்னது: ஆறு மாதத்தில் குதிரை ஏ.டி.ஜி.க்கு 68 விழுக்காட்டினரும் முயல் ஏ.டி.ஜி.க்கு 37 விழுக்காட்டினரும் தேறினார்கள். குதிரை ஏ.டி.ஜி. இந்தியாவிலேயே தயாராவது நமக்கு நல்வாய்ப்பு. எல்ட்ரோம்போபாக் என்ற மாத்திரையையும் சேர்த்தால் பலன் கூடும் என்று 2017-இலும் 2022-இலும் வெளியான ஆய்வுகள் காட்டின.

இந்த வழியின் சிக்கல் காத்திருப்பு. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை எண்ணிக்கை தரையில்தான் கிடக்கும். தேறியவர்களில் சிலருக்கு நோய் திரும்பும். சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து எம்.டி.எஸ்., ரத்தப் புற்று என்று வேறு முகம் எடுக்கும். ஆகவே குணமானவரும் ஆயுள் முழுக்கப் பரிசோதனையில் இருக்க வேண்டியவரே.

பி.என்.எச். நிலவரம் வேறு. 2007-இல் வந்த எக்குலிசுமாப் அந்நோயின் போக்கையே மாற்றிய மருந்து. 2023 இறுதியில் வாயால் விழுங்கும் இப்டகோபான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவற்றின் விலை பெரும்பாலான இந்தியக் குடும்பங்களுக்கு எட்டாதது. மருந்து இருப்பது தெரிந்தும் ரத்தம் ஏற்றிக்கொண்டே காலம் தள்ளுவதுதான் இங்கே பலரின் நிலை.

வேலூரும் மற்ற மையங்களும்

ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் மருத்துவமனை, ரத்தநோய் மருத்துவத்தில் இன்று நாட்டின் முதன்மையான இடங்களில் ஒன்று. அங்குள்ள குருத்தணு ஆய்வு மையம் ஹீமோஃபிலியா-ஏ நோயாளிகள் ஐந்து பேருக்கு, அவர்களின் குருத்தணுக்களிலேயே மரபணுவைச் செலுத்திச் செய்த சிகிச்சையின் முடிவு 2024 டிசம்பரில் உலகின் முன்னணி மருத்துவ இதழில் வெளியானது. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனைகளிலும், புதுச்சேரி ஜிப்மரிலும் மாற்று சிகிச்சை நடக்கிறது. திருச்சியிலிருந்து இவை எல்லாம் ஒரு ராத்திரிப் பயணத்துக்குள் அடங்குபவை. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு நாள் ரயிலேறி வேலூருக்கு வருபவர்களோடு ஒப்பிட்டால், மொழி தெரிந்த ஊருக்குள் போகும் திருச்சிக்காரருக்குப் பாதை எளிது.

பாதை எளிது, தங்குவது எளிதில்லை. மாற்று சிகிச்சைக்குப் பின் சுமார் நூறு நாள் மருத்துவமனைக்கு அருகிலேயே இருக்கச் சொல்வார்கள். லாட்ஜிலோ வாடகை அறையிலோ ஒரு அடுப்பை வைத்துக்கொண்டு, சுத்தமாகச் சமைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தப் பரிசோதனைக்குப் போய்வர வேண்டும். கூட இருக்கும் ஒருவர் வேலையை விட்டாக வேண்டும். வீட்டில் மற்ற பிள்ளைகளைப் பாட்டியோ அத்தையோ பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி பில்லில் வராத இந்தச் செலவு பல குடும்பங்களின் முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

யார் கொடுப்பது

மஜ்ஜை பொருந்துவதற்கு ரத்த குரூப் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை; எச்.எல்.ஏ. என்ற திசு அடையாளம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த இருவருக்குள் அது முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திவிட்ட இன்றைய தமிழ்க் குடும்பத்தில் நோயாளிக்கு இருப்பது ஒரே ஒரு உடன்பிறப்பு. சிலருக்கு அதுவும் இல்லை.

சொந்தத்தில் மணம் முடிப்பது இங்கே இரண்டு விதமாக வேலை செய்கிறது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் இந்தியாவில் அதிகம் உள்ள மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. திருமணங்களில் நான்கில் ஒன்றுக்குக் குறையாமல் உறவுக்குள் நடப்பதாக தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. இருபுறமும் ஒளிந்திருக்கும் பழுதான மரபணு சேர்ந்து ஃபான்கோனி போன்ற நோய் வெளிப்படும் வாய்ப்பு இதனால் கூடுகிறது. அதே காரணத்தால், உடன்பிறப்பு பொருந்தாதபோது தாய் தந்தை, மாமன், அத்தை, அவர்கள் பிள்ளைகள் என்று விரிந்த உறவுக்குள் முழுப் பொருத்தம் கிடைக்கவும் கூடும். ஆகவே ‘அண்ணனுக்குப் பொருந்தவில்லை’ என்றதும் தேடலை நிறுத்திவிடக் கூடாது. பாதிப் பொருத்தத்தோடு தாயோ தந்தையோ கொடுக்கும் முறையும் இப்போது வளர்ந்துவிட்டது. சிக்கல் கூடுதல் என்றாலும் வழி உண்டு.

உறவுக்கு வெளியே என்றால் கொடையாளர் பதிவேடு. உலகப் பதிவேடுகளில் நான்கு கோடிக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால் தமிழருக்குப் பொருத்தம் கிடைப்பது அரிது. சென்னையில் 2009-இல் தொடங்கிய டாத்ரி இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைப் பதிந்திருக்கிறது. சென்னையின் ஜீவன் அமைப்பும் இத்துறையில் உழைத்திருக்கிறது. 140 கோடி மக்களுக்கு இந்த எண்ணிக்கை போதாது. பதிவு செய்தவர், பெயர் வந்து அழைக்கும்போது வீட்டார் தடுத்ததால் பின்வாங்குவது இன்னொரு வலி. மறுமுனையில் இருப்பவருக்கு அதுவே கடைசிக் கதவாக இருக்கலாம்.

இடைப்பட்ட காலம்

நோய் உறுதியான நாளுக்கும் மாற்று சிகிச்சை நாளுக்கும் இடையில், அல்லது ஏ.டி.ஜி. பலன் தரும்வரை, நோயாளி திருச்சியில்தான் இருக்கிறார். புத்தூர் அரசு மருத்துவமனையும் தில்லைநகர், கண்டோன்மெண்ட் பகுதித் தனியார் மருத்துவமனைகளும்தான் அவருக்குக் கை கொடுக்க வேண்டும். இழப்புகள் அதிகம் நிகழக்கூடிய காலமும் இதுவே.

முதலில் ரத்தம். நம் ஊரில் ரத்தம் தேவை என்றால் முதலில் ஓடிவருவது அண்ணன் தம்பி, மாமன் மச்சான். மஜ்ஜை நோயாளிக்கு அதுதான் ஆகாது. எதிர்காலத்தில் மஜ்ஜை கொடுக்கக்கூடிய உறவினரின் ரத்தம் முன்பே உடலில் ஏறினால், உடல் அந்த அடையாளத்துக்கு எதிராகப் பழகிவிடக்கூடும்; பிறகு அதே உறவினரின் மஜ்ஜையை ஏற்காமல் தள்ளிவிடக்கூடும். பாசத்தால் கொடுத்த ரத்தம் சிகிச்சையையே கெடுத்துவிடும் இந்தச் செய்தி, வட்டார மருத்துவமனை ஒவ்வொன்றின் சுவரிலும் எழுதி வைக்கத்தக்கது. வெள்ளையணு நீக்கிய ரத்தம், கதிர்வீச்சில் காட்டிய ரத்தம் என்று வேலூர் சீட்டில் எழுதியிருப்பார்கள். எல்லா ரத்த வங்கிகளிலும் அந்த வசதி கிடையாது.

தட்டணு இன்னும் சிக்கல். சிவப்பணுவைக் குளிரில் ஐந்தாறு வாரம் வைத்திருக்கலாம். தட்டணு ஐந்து நாளே தாங்கும். எஸ்.டி.பி. எனப்படும் ஒற்றைக் கொடையாளர் தட்டணுவுக்கு ஒருவர் இயந்திரத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். ஒரு பை ஏறினால் எண்ணிக்கை 30,000-க்கு மேல் கூடலாம், சில நாளில் மறுபடி இறங்கும். பொங்கல், தீபாவளி விடுமுறையில் கல்லூரிகள் பூட்டியிருக்க, கொடையாளர் கிடைக்காமல் குடும்பங்கள் வாட்ஸாப் குழுக்களில் கெஞ்சுகின்றன. ரத்தம் தொடர்ந்து ஏறும்போது இரும்பும் சேர்கிறது. ஒரு பை சிவப்பணுவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உண்டு. அதை வெளியேற்றும் மருந்தை உரிய நேரத்தில் தொடங்காவிட்டால் கல்லீரலும் இதயமும் கெடும்.

அடுத்தது காய்ச்சல். நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே உள்ளவருக்கு 101 டிகிரி காய்ச்சல் அவசர நிலை. மருத்துவமனை வாசலைத் தொட்ட ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். நடப்பது என்ன? தெருமுனைக் கிளினிக்கில் இடுப்பில் ஒரு ஊசி, கையில் டைக்ளோஃபெனாக் மாத்திரை. தட்டணு குறைந்தவருக்குத் தசையில் போடும் ஊசி உள்ளுக்குள் ரத்தக் கட்டாக மாறும். வலி மாத்திரை கசிவைத் தூண்டும். இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் இருக்கும் பயிற்சி மருத்துவர் வாழ்நாளில் இப்படி ஒரு நோயாளியைப் பார்த்திருக்க மாட்டார். அவர்மேல் பழி போட்டுப் பயனில்லை. நோயாளியின் சட்டைப் பையில் ஒரே பக்கத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும், ‘என்ன நோய், காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது, யாரை அழைக்க வேண்டும்’ என்று எழுதிய அட்டை இருந்தால் அந்த மருத்துவருக்கே அது துணை.

பணமும் சட்டமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரை தருகிறது. மஜ்ஜை மாற்று போன்ற பெரிய சிகிச்சைகளுக்குத் தனி நிதியும் வைத்திருக்கிறது. ஆண்டு வருமான வரம்பு 1.20 லட்சம். அதற்குச் சற்று மேலே சம்பாதிக்கும் ஆட்டோ ஓட்டுநரும், கோயில் கைங்கரியத்தில் இருப்பவரும், சிறு கடைக்காரரும் வெளியே நிற்கிறார்கள். கோல் இந்தியா நிறுவனத்தின் தலசீமியா உதவித் திட்டம் ஏப்ளாஸ்டிக் அனீமியாவுக்கும் விரிக்கப்பட்டு, வயது, வருமான வரம்புகளுக்கு உட்பட்டு மாற்று சிகிச்சைக்குப் பத்து லட்சம் ரூபாய்வரை தருகிறது. வேலூரும் அதன் பட்டியலில் உண்டு. ரயில்வேயில் ஏப்ளாஸ்டிக் அனீமியா நோயாளிக்குச் சிகிச்சைப் பயணத்தில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் பாதிக் கட்டணம்தான். இதை அறிந்தவர் மிகக் குறைவு. மருத்துவமனை தரும் சான்றிதழ் போதும்.

2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில், ஒருமுறை சிகிச்சையால் குணமாகும் நோய்களின் பட்டியலில் ஃபான்கோனி அனீமியா பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. உதவி உச்சவரம்பு 2022-இல் ஐம்பது லட்சமாக உயர்ந்தது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அதன் சிறப்பு மையங்களில் ஒன்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ ரத்த நோய்களில் ஹீமோஃபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் மூன்றை மட்டுமே ஏற்கிறது. மாதம் இருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ளும் ஏப்ளாஸ்டிக் அனீமியா நோயாளிக்கு அடையாள அட்டை கிடையாது, வேலையில் சலுகை கிடையாது, தேர்வில் கூடுதல் நேரம் கிடையாது. ஒரே நாற்காலியில், ஒரே ரத்தப் பையோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தலசீமியா நோயாளிக்கு உண்டு. இந்த வேறுபாட்டுக்கு மருத்துவ நியாயம் எதுவும் இல்லை.

வீடும் வீதியும்

ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரி சன்னதி உண்டு. அங்கே சிதைந்து கிடந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் என்ற மருத்துவர் புதுப்பித்ததை 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. வழிபாடும் வைத்தியமும் பகையாக இருந்ததில்லை என்பதற்கு இந்த ஊரே சாட்சி. இன்றைய நோயாளிக்குச் சொல்ல வேண்டியதும் அவ்வளவே: தரிசனத்தை விட வேண்டாம், கூட்டத்தை விடுங்கள். வைகுண்ட ஏகாதசி நெரிசலும், ஆடிப்பெருக்கில் அம்மா மண்டபத்துப் படித்துறைக் குளியலும் வெள்ளையணு இல்லாதவருக்கு ஆபத்து. சித்த மருந்தோ நாட்டு மருந்தோ எடுப்பவர்கள் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சைக்ளோஸ்போரினோடு மோதும் பொருட்கள் பல, பம்பளிமாஸ் பழம்கூட அதில் சேர்த்தி. மருத்துவரும் கேட்டவுடன் திட்டாமல் இருந்தால்தான் உண்மை வெளியே வரும்.

இளம்பெண்களின் சுமை தனி. சைக்ளோஸ்போரின் முகத்தில் முடி வளர்க்கும், ஈறைத் தடிக்க வைக்கும். அதற்கு வெட்கப்பட்டு மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். மாதவிலக்கு உயிருக்கே ஆபத்தாகும் அளவு போகலாம். அதை நிறுத்தி வைக்க மருந்து உண்டு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ‘கல்யாணத்துக்கு முன் வெளியே தெரியக் கூடாது’ என்று நோயை மறைப்பது பல வீடுகளில் நடக்கிறது. மறைத்த நோய்க்குக் கொடையாளரும் கிடைக்க மாட்டார், ரத்தமும் கிடைக்காது. தேறியவர்கள் படிப்பு முடித்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். அந்தச் செய்தி வீதிக்குப் போய்ச் சேரும்போதுதான் மறைப்பது குறையும்.

செய்ய வேண்டியவை

திருச்சி அரசு மருத்துவமனையில் ரத்தநோய்ப் பிரிவு ஒன்று, வாரம் ஒருநாள் வேலூரோடோ சென்னையோடோ காணொளியில் இணைந்து இயங்கினால், பரிசோதனைக்கு மட்டும் ஊர் விட்டு ஊர் போகும் பயணங்களில் பெரும்பகுதி தேவைப்படாது. மூன்று அணுக்களும் குறைந்த ஒவ்வொருவருக்கும் பி-12, மஜ்ஜைப் பரிசோதனை, பரிந்துரை என்ற வரிசைக்கு நாள் கணக்கு வைக்க வேண்டும். காய்ச்சல் அட்டையை அச்சிடப் பெரிய செலவில்லை. காப்பீட்டு வருமான வரம்பை இந்நோய்களுக்கு மட்டுமாவது தளர்த்துவதும், மாற்றுத்திறனாளிகள் பட்டியலில் மஜ்ஜை செயலிழப்பைச் சேர்ப்பதும் அரசுகளின் வேலை. நோயாளிகளின் மாநிலப் பதிவேடு ஒன்று தொடங்கினால், எங்கே எத்தனை பேர், எதனால் என்ற கேள்விகளுக்கு ஊகத்தில் பதில் சொல்லும் நிலை மாறும்.

மீதி நம் வேலை. வளனார் கல்லூரி, ஜமால் முகமது, பிஷப் ஹீபர், என்.ஐ.டி. என்று ஆயிரக்கணக்கான இளைஞர்கள் படிக்கும் ஊர் திருச்சி. விடுமுறையிலும் வரக்கூடிய உள்ளூர்த் தட்டணுக் கொடையாளர் ஐம்பது பேரின் பட்டியல் ஒன்று இருந்தாலே பல குடும்பங்களின் இரவுகள் மாறும். குருத்தணுக் கொடைக்குப் பெயர் பதியத் தேவை கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் ஒரு தேய்ப்பு. பதிவதற்கு முன் வீட்டில் பேசிவிடுங்கள். பதிந்த பின் அழைப்பு வந்தால் மறுக்காதீர்கள்.